சுக்கு, சுக்கு, செப்பாரோ

சிரம்பான் ஆஸ்பத்திரியில்
சாப்பாட்டுக் கணக்கு சொல்லும் அறை.
நூருல் என்ற பெண், தட்டின் படத்தில்
விரலால் கோடு போட்டாள்:
சுக்கு, சுக்கு, செப்பாரோ.
தவமணி என் காதருகே குனிந்தாள்.
"சுக்கா? கஷாயம் வைக்கச் சொல்றாங்களா?"
கால், கால், அரை என்றேன்.
கால் தட்டு சோறு, கால் தட்டு மீன்,
மீதிப் பாதி இலையும் காயும்.
"இதுக்கா ரெண்டு பஸ் மாறி வந்தோம்?"

பாகாவ் வந்து சேர இருட்டிவிட்டது.
செம்பனைக் குலைகளை லோரியோடு நிறுக்கிற மேடையில்
இருபத்தாறு வருஷம் கணக்கெழுதியவன் நான்.
டன் தெரியும்.
ஒரு அகப்பைச் சோறு எத்தனை கிராம் என்று
அன்றைக்குத்தான் நிறுத்துப் பார்த்தேன்.

மருந்து ஏற்றுவதற்கு முந்தின ராத்திரி
ஸ்டீராய்டு மாத்திரை.
அது உள்ளே போனால் சீனி ஏறும்,
குடித்துவிட்டுத் தென்னை ஏறியவன் மாதிரி,
இறங்க வழி தெரியாமல்.
பதினாறு புள்ளி நாலு. மறுநாள் பதினெட்டு.
இடது கையில் குத்தக் கூடாது,
அது அறுத்த பக்கம்.
வலது கையின் நாலு விரலும் முறை வைத்து ரத்தம் தந்தன.
கட்டை விரலைத் தரமாட்டாள்,
பூத்தொடுக்க வேணுமாம்.

நான் வீட்டைக் காலி செய்தேன்.
சீனி டப்பா, கெட்டிப்பால் டின், மைலோ, காயா,
எல்லாம் ஒரே பையில்
பக்கத்து வீட்டு மாக்சிக் ரொக்கியாவுக்குப் போனது.
கோப்பிக் கடையிலும் நானே முந்திக்கொள்வேன்:
கோப்பி ஓ, கோசோங்.
கோசோங் என்றால் காலி.
ஆ லெங் மேசையைத் துடைத்தபடி உள்ளே கத்துவான்,
"கோசோங் ஒண்ணு!"
தவமணி தன் ரவிக்கையின் இடப்பக்கம் பார்த்து
"என்னையா கூப்பிடறான்?" என்றாள்.
நான் சிரிக்கவில்லை. அவள்தான் சிரித்தாள்.

நாக்கில் இரும்பு வாடை என்பாள்.
மீன் இரும்பு. தண்ணீர் இரும்பு.
கங்கோங் கீரை துருப்பிடித்த தகரம்.
கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றிக் கொடுத்தேன்,
கடலையை அவித்து எலுமிச்சை பிழிந்தேன்.
தட்டில் பிரித்துப் பிரித்து வைத்தால்
அவள் சோற்றைப் பார்க்க மாட்டாள், கோட்டைத்தான் பார்ப்பாள்.
தின்றதில் பாதி
புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் வெளியே வந்துவிடும்.
மிச்சத்தில் எது சுக்கு, எது செப்பாரோ,
அதை நூருல் சொல்லவில்லை.

மூன்றாவது மருந்து முடிந்து நாலாம் நாள்.
ஸ்டீராய்டு நின்றிருந்தது.
இன்சுலின் போட்டுக்கொண்டாள்,
கஞ்சி இரண்டு வாய்தான் இறங்கியது.
நள்ளிரவுக்குப் பின் எழுப்பினாள்,
அவள் எங்கே எழுப்பினாள்,
ஈரத் தலையணை எழுப்பியது.
மொட்டைத் தலையெல்லாம் வேர்வை. கை நடுக்கம்.
என்னை அவள் அண்ணன் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள்.
மீட்டரில் இரண்டு புள்ளி ஒன்பது.

சீனி. ஒரே ஒரு கரண்டி.
அலமாரியில் இல்லை. ஐஸ்பெட்டியில் இல்லை.
உப்பு டப்பாவை இரண்டு முறை திறந்தேன்.
மாக்சிக் வீட்டுக் கேட்டை உலுக்க ஓடியவனை
"ஏய்" என்றாள்.
கதவுக்குப் பின்னால், ஆணியில்,
தொங்கிய பாடியைக் காட்டினாள்.
இடது கிண்ணம். பஞ்சும் பச்சைப்பயறும் வைத்து
அவளே தைத்துக்கொண்ட பொதி.
அதற்குள் கைக்குட்டை முடிச்சில்
பாசார் மாலாமில் வாங்கிய குலா மெலாக்கா,
ஐந்து துண்டு.

இரண்டைப் பல்லால் உடைத்து
வெந்நீரில் கரைத்து மெல்லப் புகட்டினேன்.
கால் மணி நேரம்.
மோதிர விரலில் குத்தினேன்: நாலு புள்ளி எட்டு.
எத்தனை நாளாக இது என்று கேட்கவில்லை.
பாவம், எல்லாப் பழியையும்
ஸ்டீராய்டு மேலேயே போட்டிருந்தேன்.

விடிந்ததும் கேட்டாள்:
"மிச்சம் எத்தனை?"
ரெண்டு என்றேன்.
அவள் தூங்கின பிறகு, அடுப்படி இருட்டில்,
உடம்பு உதறல் நிற்காமல் நின்று
ஒன்றை நான் தின்றிருந்தேன்.
அஞ்சில் ரெண்டு போனால் எவ்வளவு என்று
அவளுக்குத் தெரியாதா.
என் வாயைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.
பிறகு தட்டை நகர்த்தி வைத்து,
"போடு" என்றாள்,
"கோடு போடாம போடு."